கல் யார் கையில்

– இந்தாங்க மேடம், உங்க கல்லு. என் வீட்டுக்காரர் பண்ணதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

– முதல்ல உக்காருங்க. அவர் எங்க?

– கீழ. உங்க கட்டடத்து லிஃப்ட் கதவு மூடும்போது முனகுதாம். காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டு நிக்கிறார். லிஃப்ட் முனகினா அவருக்குக் கேக்கும் மேடம். நான் கத்தினாலும் கேக்காது.

– லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, தொழில் பழக்கம். சரி, இந்தக் கல்லு—

– அவர் கருவிப் பையில இருந்துச்சு. என் கத்தரிக்கோல் மழுங்கிப்போச்சு, அரம் இருக்குமான்னு பையில கையை விட்டேன். ஸ்பானருக்கு நடுவுல இது, துணி சுத்தி. இத்தனை வருஷமா தைக்கிறேன், அடுத்தவங்க பட்டன் ஒண்ணுகூட என் பெட்டியில கிடையாது. இவர் கவுன்சிலிங்குக்கு வந்த இடத்துல கல்லைத் தூக்கிட்டு வந்திருக்கார்.

– எதுக்கு எடுத்திருப்பார்னு நினைக்கிறீங்க?

– இதுல நினைக்க என்ன இருக்கு? நீங்க என்ன சொன்னீங்க? கல்லு யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும், இன்னொருத்தர் குறுக்க வாயைத் திறக்காம கேக்கணும்னு. கல்லே இல்லன்னா நான் பேச முடியாதில்ல? அதான் அமுக்கிட்டார்.

– வீட்டுல பேச வேற ஏதாவது ஒரு சாமான் வச்சுக்கச் சொன்னேனே?

– நூல்கண்டு வச்சோம். என் கையிலதான் இருக்கும். அவர்கிட்ட குடுத்தா உருட்டிக்கிட்டே உக்காந்திருப்பார். "அதாவது"ம்பார். அதுக்கு மேல வராது. எனக்குப் பொறுக்காது, நானே சொல்லி முடிச்சுடுவேன்.

– அவர் சொல்ல வந்ததையா?

– பதினாறு வருஷம் ஆச்சு மேடம். அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாதா? கேளுங்க, நான் முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். தையல் மெஷினையும் எடுத்துக்கிட்டு. இன்னிக்கு வந்ததே கல்லைக் குடுத்துட்டுப் போகத்தான்.

– மெஷினையும்னா, திரும்பி வர்றதா இல்ல.

– இல்ல.

– அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?

– இங்க உங்க முன்னாடி சொல்லிக்கலாம்னு வந்தேன்.

– சரி. எதனாலன்னு எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க. நான் குறுக்க வரமாட்டேன்.

– எத்தனை தடவை சொல்றது? எங்கப்பா ஆஸ்பத்திரியில தவறிப்போன அன்னிக்கு இவர் வரல. மத்தியானம் போன் பண்ணேன், எங்கயோ லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு, உள்ள ஆறு பேர் மாட்டிக்கிட்டாங்கன்னார். சரி. அதுக்கப்புறம்? எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, சாயங்காலம் வந்து நின்னார். அங்க எல்லாத்தையும் பாத்தது அண்ணன்தான். ஓடிப்போன ஓட்டத்துல என் செருப்பு வார் அறுந்துபோச்சு. அதை ஐசியு வாசல் பெஞ்சுக்குக் கீழ போட்டுட்டு உள்ள போனேன். வெளிய வந்து பாத்தா, செப்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டி வச்சிருந்தான். அவ்வளவு அழுகையிலயும். கூடப் பொறந்தவனுக்கு என் செருப்பு கண்ணுல பட்டுச்சு. இவருக்கு நானே படல. நாலு வருஷமா நெஞ்சுலயே நிக்குது மேடம்.

– அவர் அதைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லையா?

– "அதாவது, அன்னிக்கு நான்"னு ஆரம்பிப்பார். வரல, விடுங்க, சப்பைக்கட்டு கட்டாதீங்கம்பேன். விட்டுடுவார்.

– இந்த டிராயரைக் கொஞ்சம் திறந்து பாருங்க.

– எதுக்கு?

– திறங்களேன்.

– இது... உங்க கல்லு.

– ஆமா. அது எங்கயும் போகல.

– அப்ப என் கையில இருக்கிறது யாரோடது?

– உள்ள வரலாமா? அதாவது, கதவு ரோலர்ல தூசி. துடைச்சு விட்டுட்டேன். இனிமே முனகாது.

– வாங்க, உக்காருங்க. உங்க வீட்டம்மா கையில இருக்கே, அது உங்க கல்லா?

– இது எப்படி இங்க... ஆமா மேடம். அதாவது, வேலை நடக்குற கட்டடத்துல மண்ணுல கெடந்துச்சு. இங்க இருக்கிற மாதிரியே இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.

– எதுக்குன்னு கேளுங்க மேடம்.

– நீங்களே கேளுங்க.

– எதுக்கு?

– சாப்பாட்டு நேரத்துல லிஃப்ட் மெஷின் ரூம்ல யாரும் இருக்கமாட்டாங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு, அதாவது, பேசிப் பாப்பேன். அங்க நல்லா வருது.

– யாரோட பேசுவீங்க?

– உன்னோடதான்.

– என்ன பேசுவீங்க? வராம இருந்துட்டேன், மன்னிச்சுடு, அதானே—

– அம்மா, கல்லு இப்ப யார் கையில இருக்கு?

– என் கையில.

– அவர்கிட்ட குடுக்கிறீங்களா?

– இந்தாங்க. நான் வாயைத் திறக்கல. சொல்லுங்க.

– அதாவது...

– அவசரமே இல்ல. நாங்க இருக்கோம்.

– அன்னிக்கு நான் வந்தேன். அந்த ஆறு பேரை இறக்கி விட்டுட்டு அப்படியே ஓடி வந்தேன். மூணு மணி இருக்கும். கண்ணாடிக் கதவு வழியா பாத்தேன், உங்க அண்ணன் தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டிருந்த. என் கையெல்லாம் கிரீஸ். குழாயில கழுவிக் கழுவிப் பாத்தேன், போகல. உன்கிட்ட வந்து என்ன சொல்றதுன்னும் தெரியல. வெளிய பெஞ்சுலயே உக்காந்துட்டேன்.

– பொய் சொல்லாதீங்க. வெளிய வந்தப்ப அந்தப் பெஞ்சுல யாருமே இல்ல.

– நீங்கல்லாம் வர்ற சத்தம் கேட்டதும் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிட்டேன். அந்தக் கையால உன்னை எப்படித் தொடுறது?

– யார் பாத்தாங்க நீங்க வந்ததை?

– யாரும் பாக்கல. பெஞ்சுக்குக் கீழ உன் செருப்பு கெடந்துச்சு. என் பையில செப்புக் கம்பி இருந்துச்சு.