மாட்டுக்கறி ஸ்டூவுக்கு ஒரு நற்சான்று

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க ரபேல் கிராணியாரே. அது திட்டுதானே?

— பொறு லா பக்கிரிசாமி, கண்ணாடியத் தொடைச்சுக்கறேன். "என் சமையற்காரன் வைக்கும் மாட்டுக்கறி ஸ்டூ மிகவும் ஸேபிட்." இந்த ஸேபிட்தானா உன்னை இந்தப் பாடு படுத்துது?

— ரவாங் பங்களாவுல சமைக்கிற குக்கி தம்புசாமி, அதுக்கு ஊசிப்போனதுன்னு அர்த்தம் சொன்னான். உங்க பழைய துரை சீமைக்குப் போறப்ப எனக்குக் குடுத்த சீட்டை மூணு வருசமா ஒளிச்சு வெச்சுட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில கஞ்சி காய்ச்சிட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானம் கிள்ளாங் துரைக்கு அதே ஸ்டூவை வெச்சுக் காட்டணும். பிடிச்சாத்தான் வேலை. சீட்டைக் காட்டவா, கிழிக்கவா?

— கிழிச்சே, கையை ஒடிப்பேன்! தம்புசாமிக்கு ஏபிசிடியே தகராறு. இந்தா டிக்சனரி. ஸேபிட்னா ருசியானது, நாக்குக்கு இதமானது.

— மெய்யாலுமா?

— மாதா மேல ஆணை. சப்புன்னு இருந்தா இன்ஸிபிட். நம்ம பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுல கணக்கெழுதுற கிராணிங்க எல்லாருக்கும் அது தெரியும். இதை மெத்தப் படிச்ச துரைதான் எழுதுவார்.

— ஐயோ சாமி, அந்த மனுசனை வாயாரத் திட்டினேனே!

— இன்னும் கேளு. சின்ன வயசுல நான் பூசைக்கு உதவப் போறப்ப பாதர் லத்தீன் சொல்லித் தருவார். இதுக்கு வேர் 'சாபேரே'. ருசி பாக்கிறதுக்கும் அதான், அறிவோட இருக்கிறதுக்கும் அதான். ருசி பாத்தவனுக்குத்தான் விவரம் தெரியும்னு... என்னப்பா, முகம் சுண்டிப்போச்சு?

— அப்போ இந்தப் புகழ் எனக்கில்லீங்க.

— ஏனாம்?

— நாங்க மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பம். மாட்டுக்கறி சமைப்பேன், ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லை.

— அடப்பாவி! அப்போ உப்பு உறைப்பு யாரு பாத்தது?

— கோவிச்சுக்க மாட்டீங்களே?

— சொல்லித் தொலை லா!

— அந்தத் துரைக்கு ஸ்டூ வெச்ச அன்னிக்கெல்லாம் பதினோரு மணிக்கு உங்க ஆபீசு மேசைக்கு ஒரு கிண்ணம் வருமே...

— துரை சாப்பிட்ட மிச்சம்தானே? ஓசிதானேன்னு விடாம, உப்பு கம்மி, மிளகு தூக்கல்னு நானும் நொட்டை சொல்லுவேன். நீ தலையாட்டிட்டு ஓடுவே.

— துரை சாப்பிட உக்கார்றதே பன்னெண்டரைக்குத்தாங்க. நாளைக்கு நீங்க ஒரு நாள் லீவு போட்டா, காலையில ஆறரை ரயில்ல ரெண்டு பேரும் கிள்ளாங் போயிடலாம்.