பதிவு இலக்கம் வருமுன் அடித்த கடிதம்

பெயர்: பாலசுந்தரம் அருந்ததி. வயது 26. தொழில்: தனியார் கல்லூரி ஒன்றில் அலுவலக எழுதுநர். முகவரி: இல. 118/3, புதுச்செட்டித் தெரு, கொட்டாஞ்சேனை. தேசிய அடையாள அட்டையைக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் இன்று விடுப்பில் இருப்பதால், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் அனுமதியுடன் 1998 ஜூலை 3ஆம் திகதி இதை என் கைப்படத் தமிழில் எழுதுகிறேன்.

ஜூன் 10ஆம் திகதி நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதுகிறேன். அன்று எங்கள் கல்லூரிக்கு வந்த சார்ஜன்ட் ஒரு கடிதத்தை மேசையில் வைத்து, அதிலுள்ள பதிவு இலக்கத்தை அடித்தது யார் என்று கேட்டார். அடித்தது நான். நான் அதைச் சொல்லவில்லை. அவருக்குத் தேநீர் போடுவதாகப் பின்னறைக்குப் போய், தண்ணீர் கொதித்த பிறகும் அங்கேயே நின்றேன்.

கல்லூரி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு மேல்மாடியில் இருக்கிறது. அதிபர் திரு. இஸ்ஸதீன் அரச ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரத்தப் பரிசோதனை முதலியவற்றை முப்பத்திரண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருப்பவர்கள். கொழும்பில் தங்குவதற்கான காரணத்தை அவர்கள் பொலிஸுக்குக் காட்ட வேண்டும். அரசில் பதிந்த கல்லூரியின் கடிதமென்றால் பார்த்துவிட்டு விடுவார்கள். எங்கள் கல்லூரி பதியப்படவில்லை. தனியார் கல்லூரிகளைப் பதியும் அரச ஆணைக்குழுவுக்கு ஜனவரியில் விண்ணப்பித்தோம். விண்ணப்பம் கிடைத்தது, பரிசோதகர் வருவார் என்று மார்ச்சில் பதில் வந்தது. பதிலின் தலைப்பில் எங்கள் விண்ணப்பக் கோவையின் நாலு தான இலக்கம் இருந்தது. அது பதிவு இலக்கம் அல்ல.

அதன் பின்னர் மே மாதக் கடைசியில், தங்கையா இராஜமலர் என்ற மாணவி, வயது 21, ஊர் கரவெட்டி, நான் அடித்துக் கொடுத்த கடிதத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "நம்பர் இல்லாத கடிதம் கடலை சுத்தத்தானாம் சரி, அக்கா. சென்றியில நிண்ட பொலிஸ்காரர் சொல்லிச் சிரிக்கிறார்" என்றார். அவரும் சிரித்தார். அவர் போன பிறகு நான் அதே கடிதத்தைத் திரும்ப அடித்து, "பதிவு இல." என்று போட்டு, அதற்கு நேரே அந்தக் கோவை இலக்கத்தை அடித்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. அதிபர் தொழுகைக்குப் போகும் அவசரத்தில், கட்டாக வைத்த கடிதங்களில் வழக்கம்போல் வாசிக்காமல் கையெழுத்திட்டார். மறுநாள் கடிதத்தை வாங்கிய இராஜமலர் வாசித்தார். "நம்பர் வந்திட்டுதோ அக்கா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

அதன் பின்னர் ஜூன் 9ஆம் திகதி காலை லொட்ஜில் நடந்த சுற்றிவளைப்பில் இராஜமலர் அந்தக் கடிதத்தைக் காட்டினார். பொலிஸார் ஆணைக்குழுவுக்குத் தொலைபேசி எடுக்க, அப்படியொரு பதிவு இல்லையென்று பதில் வந்தது. அவரைத் தடுத்து வைத்தார்கள். மறுநாள் சார்ஜன்ட் கேட்டபோது அதிபர் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தைப் பார்த்து, "கையெழுத்து என்டதான் மாத்தயா. நம்பர் எங்களுக்கு இன்னும் கெடக்கல்லியே" என்றார். அவர் சொன்னது உண்மை. அதனால் இலக்கத்தை இராஜமலரே சேர்த்தார் என்று முடிவாயிற்று. கல்லூரிதான் பொய் இலக்கம் போட்டதென்று தெரிந்தால் பதிவு கிடைக்காது, மற்ற முப்பத்தொரு பேரின் கதி என்ன என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன்.

அதன் பின்னர் ஜூன் 18ஆம் திகதி ஆணைக்குழுவின் பரிசோதகர் செல்வி பேர்ணடெற் வந்தார். மெலிந்தவர், பாட்டா செருப்பு, கையில் குடை. அவர் பார்த்த விதத்தை எழுதாமல் இதை எழுத முடியாது. ஒரு மனிதர் இவ்வளவு முழுமையாகப் பார்ப்பதை நான் புத்தகங்களில்கூட வாசித்ததில்லை. தராசில் தன் மோதிரத்தைக் கழற்றி வைத்து நிறுத்தார், எடை மாறுகிறதா என்று பிறகு திருப்பி வைத்து நிறுத்தார். மருந்துப் போத்தல் ஒவ்வொன்றின் திகதியையும் வாசித்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தை வெளியே எடுத்தார்.

"இதுவும் டெஸ்ட்டுக்கா சேர்?"

"வட்டிலாப்பம் மிஸ். நம்மட வீட்டுக்காரி அனுப்பின" என்றார் அதிபர்.

"இரத்தம் வைக்கிற பெட்டியில சாப்பாட்டக் கண்டா பெயில்தான். ஒரு கிழமைக்குள்ள வேற பெட்டி வாங்கி ரசீத அனுப்புங்க. இத இப்பவே சாப்பிட்டு முடிங்க, எனக்கு வேணாம்."

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன் பின்னர் தன் கைப்பையிலிருந்து இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். முதலாவதில் மலேரியாக் கிருமி இருந்ததை எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவதிலும் எதையோ கண்டதாக ஒன்பது பேர் சொன்னார்கள். பத்தாவதாகப் பார்த்த நஸீறா என்ற மாணவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில ஒண்டுமில்ல மிஸ்" என்றார்.

"வடிவாப் பாத்தியா?"

"பாத்தன் மிஸ். ஒண்டுமேயில்ல."

"இருக்கிறத எல்லாரும் சொல்லுவாங்க. இல்லாதத இல்லயெண்டு சொல்றாளே, இவள்தான் சேர் டெக்னீஷியன்."

செல்வி பேர்ணடெற் இரண்டு தகடுகளையும் துடைத்துக் கைப்பையில் வைத்தார்.

அதன் பின்னர் அவர் மாணவர்களின் பயிற்சிக் கொப்பிகளை வாசித்தார். இராஜமலரின் கொப்பியில் வர்ணப் பென்சிலால் வரைந்த இரத்த அணுக்களைப் பார்த்து, இந்தப் பிள்ளை எங்கே என்றார். அதிபர் நடந்ததைச் சொன்னார். பரிசோதகர் அலுவலகக் கோவைகளைக் கேட்டார். நான் அடிக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் காபன் பிரதி எடுத்து வைப்பது வழக்கம். பொய்க் கடிதத்துக்கும் பழக்கத்தில் எடுத்துத் திகதிப்படி கோத்திருந்தேன். புரட்டிக்கொண்டு வந்தவர் அந்தத் தாளில் நிறுத்தினார். இலக்கத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.

போகும்போது மாடிப்படியில் என்னை மட்டும் நிறுத்தினார். "என்ட ரிப்போட் ஆய்வுகூடத்தப் பற்றி. அது நல்லா இருக்கு, நல்லா இருக்கெண்டுதான் எழுதுவன். அந்தத் தாளப் பற்றிச் சொல்லவேண்டியது நானில்ல, தங்கச்சி. நீங்க" என்றார். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்றே நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதிவு கையில் வரட்டும் என்று பதினைந்து நாள் காத்திருந்தேன். அந்தப் பதினைந்து நாளும் இராஜமலர் உள்ளே இருந்தார் என்பதை அறிந்தே காத்திருந்தேன்.

நேற்று, ஜூலை 2ஆம் திகதி, பதிவுக் கடிதம் தபாலில் வந்தது. அதிபர் அதைக் கண்ணில் ஒற்றினார். இலங்கை அரசின் முத்திரைக்குக் கீழே நாலே நாலு இலக்கங்கள். தராசும் போத்தல்களும் நஸீறாவின் கண்ணும் அதற்குள் இருந்தன. நான் அடித்ததும் நாலு இலக்கந்தான், அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை. அதிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போ மகள், போய்ச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

உண்மையான இலக்கத்துடன் இராஜமலருக்காக இன்று அடித்த கடிதத்தையும், மே மாதக் காபன் பிரதியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். கடிதத்தில் இருந்தது பொய் என்று இராஜமலருக்குத் தெரியாது.

இதில் எழுதியவை நான் செய்ததும் கண்டதும் கேட்டதும் ஆகும். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எனக்கு விளங்கும் மொழியில் எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பா. அருந்ததி

பொலிஸ் குறிப்பு: வாக்குமூலம் அளித்தவர் ஜூலை 20ஆம் திகதி நீதவான் முன் ஆஜராகும்படி பணிக்கப்பட்டார். தங்கையா இராஜமலர் ஜூலை 4ஆம் திகதி முற்பகல் 10.15க்கு விடுவிக்கப்பட்டார். அவரைப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டவர்: பா. அருந்ததி.