கட்டிங் மிசின் பக்கத்தில் நின்றவள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என்னோடு வேலை பார்க்கும் பாண்டியின் அக்கா வேலுத்தாய்க்கு நடந்தது. கல்யாணம், காதுகுத்துக்கு வீடியோ எடுக்கிறவள்.

போன ஆயுத பூஜை. இரவு ஏழே முக்கால். திருத்தங்கலுக்கு வெளியே, தெருவிளக்கு இல்லாத ரோடு... இரண்டு பக்கமும் கருவேலம். ஸ்கூட்டியில் தனியாகப் போனாள். ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பூஜையை வீடியோ எடுக்க.

அந்த பிரஸ்ஸில் ஆறு மாதம் முன்பு பாலம்மாள் என்ற பெண் பேப்பர் வெட்டும் மிசினில் சிக்கிச் செத்துப்போனாள். முதலாளி அய்யாதுரை, நஷ்டஈடு கொடுக்காமல் தப்பிக்க, வெளியே எங்கோ அடிபட்டதாகச் சொல்லி, "அன்னைக்கு அவ வேலைக்கே வரல" என்று சாதித்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே மை வாடை, மண்ணெண்ணெய் வாடை, சாம்பிராணி. வேலுத்தாய் கேமராவை ஆன் செய்தாள். திரையில் டியூப்லைட் வெளிச்சம் துடித்தது... கறுப்புக் கறுப்பாய்ப் பட்டை ஓடியது. கேமரா நொடிக்கு முப்பது படம், அதாவது பிரேம், எடுத்துக்கொண்டிருந்ததை இருபத்தைந்துக்கு மாற்றினாள். பட்டை நின்றது. கூட்டம் தெளிவாகத் தெரிந்தது.

ஒருத்தி மட்டும் துடித்துக்கொண்டே இருந்தாள்.

கட்டிங் மிசின் பக்கத்தில். நீலச் சேலை. வேலுத்தாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள்... அங்கே யாரும் இல்லை. திரையில் இருந்தாள்.

வேலுத்தாய் ஓடவில்லை. ஐம்பதுக்கு ஏற்றினாள். துடிப்பு நின்றது. ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருந்த அஞ்சலி போஸ்டரில் பார்த்த முகம்.

அய்யாதுரை திரையை எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அத அழிச்சிரு தாயி."

"எத அண்ணாச்சி?"

"அங்கன நிக்கிறத."

"யாரு நிக்கா? பேரச் சொல்லுங்க. அழிச்சிருதேன்."

அவர் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஒரே இருட்டு. கரண்டு இல்லை... ஆனால் மிசினின் கத்தி இறங்கியது. தட்... தட்...

வேலுத்தாய் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை.

"பேரச் சொல்லுங்க அண்ணாச்சி!"

தட்.

"பாலம்மா! போதுந்தாயி... நிப்பாட்டு! அன்னைக்கு நீ வந்த... நாந்தான் மறைச்சேன்!"

அலறல் அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கத்தி நின்றது.

விடிந்ததும் வேலுத்தாய் மெமரி கார்டைப் பாலம்மாளின் அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அய்யாதுரை ஆள் விட்டு மிரட்டினார். அவள் அசையவில்லை.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். கடைசியில் படம் இல்லை, வெறும் இருட்டு. கத்தி நின்ற பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம்... மைக்குக்குப் பக்கத்திலேயே, மூச்சு படுகிற மாதிரி, ஒரு பெண் குரல்.

"முதலாளிய இன்னொருக்கச் சொல்லச் சொல்லுக்கா."