பன்னிரண்டாவது கண்டென்சர்

மாலை ஆறு மணி இருக்கும். ஹனூரைத் தாண்டி மார்டள்ளிக்குப் போகிற காட்டுச் சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. வெயில் மர உச்சிக்கு ஏறிவிட்டது. கீழே சாலை கறுக்க ஆரம்பித்திருந்தது.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் சந்தோஷ்குமார். பின் இருக்கையில் கம்பளியால் சுற்றிக் கட்டிய ஒரு பழைய வால்வு ரேடியோ. பேட்டரியில் ஓடுகிற சாதி இல்லை அது. சுவரில் பிளக்கைச் சொருகினால்தான் உயிர் வரும். அந்த ஒயரோ சுருட்டிக் கட்டப்பட்டு அதன் தலைமேல் கிடந்தது.

ஒரு வளைவில் கண்ணாடியைப் பார்த்தான்... கம்பளி இடுக்கில் பச்சை வெளிச்சம்.

தருண்குமார், அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார். போனையும் கவிழ்த்து வை. இது யாரோ எவனோ சொன்ன கதை இல்லை. என்னோடு வேலை பார்க்கும் அருண்ராஜின் அக்கா மீனா இருக்கிறாளே, அவள் வீட்டுக்காரன்தான் இந்தச் சந்தோஷ்குமார். அருண்ராஜ் பொய் சொல்வான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லீவு வேண்டுமென்றால் மட்டும்தான் சொல்வான். இதைச் சொன்ன அன்றைக்கு அவன் லீவு கேட்கவில்லை.

மைசூரில் மண்டி மொஹல்லாவில் கீழே கடை, மேலே வீடு. பழைய வால்வு ரேடியோக்களை உயிர்ப்பிப்பதுதான் சந்தோஷின் தொழில். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், ஹோட்டல்காரர்கள், தாத்தா வைத்திருந்த பெட்டி பாட வேண்டும் என்கிறவர்கள், எல்லோரும் அவனிடம்தான் வருவார்கள். அவனுக்கென்று ஒரு வீம்பு உண்டு. வெளியே பழசு, உள்ளே புதுசு. அந்தக் காலத்துக் கண்டென்சர்கள் விரல் நீளக் குழாய்கள். உள்ளே காகிதமும் உலோகத் தாளும் சுருட்டி, இரண்டு முனையிலும் மெழுகு அடைத்திருக்கும். வருஷக் கணக்கில் கிடந்தால் உள்ளே கெட்டுப்போய்விடும். மற்றவர்கள் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசைப் பற்றவைப்பார்கள். இவன் மீனாவின் ஹேர் டிரையரால் மெழுகை இளக்கி, உள்ளே இருக்கும் சுருளை மட்டும் தள்ளி எடுத்து, அதே குழாய்க்குள் புதுசை ஒளித்து, மறுபடி மெழுகு ஊற்றி மூடுவான். பிரித்துப் பார்த்தாலும் யாருக்கும் தெரியாது.

எல்லாம் நல்லபடியாக இருந்த வீட்டில் ஒரே ஒரு வேதனை. மகள் அனகா. நாலு வயது முடிந்துவிட்டது, ஒரு வார்த்தை பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள். அம்மா என்றோ அப்பா என்றோ ஒரு தடவை... இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். அந்த ஒரு சொல்லுக்காகச் சந்தோஷ் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான். அதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறான், பலபேர் எதிரில்.

அந்த ரேடியோவைக் கொண்டுவந்தவர் மார்டள்ளி லிங்கப்பன். விவசாயி, அறுபது வயது.

"எங்கப்பா வாங்குனதுங்க தம்பி. நாப்பது வருசமா எங்கக்கா மாதம்மா கட்டலுக்கடியில போட்டு வெச்சிருக்குது. தொடவும் உடாது. இப்ப அது ஊர்ல இல்லீங்க, மக ஊட்டுக்குப் போயிருக்குது. வர்றதுக்குள்ள பாட வெச்சு அசத்திப்போடலாமுன்னு தூக்கிட்டு வந்துட்டனுங்க."

வியாழக்கிழமை பெட்டியைப் பிரித்தான். ரேடியோவின் சர்க்யூட் வரைபடத்தில் காகிதக் கண்டென்சர் பதினொன்று. உள்ளே எண்ணினால் பன்னிரண்டு. கூடுதலாக இருந்தது ஸ்பீக்கருக்குப் பின்னால், ஒரு முனை தகர அடித்தட்டிலும் மறு முனை ஸ்பீக்கர் சட்டத்திலும் பற்றவைத்து... மின்சாரம் போகவே வழியில்லாத இடத்தில் இருந்தது. சந்தோஷ் சிரித்துவிட்டான். எந்த மகானுபாவன் செய்த ரிப்பேரோ என்று நினைத்தான். இருந்தாலும் பழக்கதோஷம். பெட்டிக்காரரைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டினால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே. பதினொன்றுக்கு என்ன செய்தானோ அதையே அதற்கும் செய்தான்.

மெழுகு இளகியது. மற்றதில் வந்தது பாரஃபின் வாடை. இதில் வந்தது சாம்பிராணி. தலைக்குக் குளித்த குழந்தையின் ஈர முடிக்குப் புகை காட்டினால் ஒரு வாசம் வருமே... அது. உள்ளே இருந்த சுருளும் மற்றதைப்போல வெள்ளை உலோகத் தாள் இல்லை. செம்புத் தகடு, நிறையக் கீறல்கள். பழசாகி இப்படி ஆகிவிட்டது என்று நினைத்து, எல்லாச் சுருளையும் போட்ட அதே பிளாஸ்டிக் கவரில் போட்டான். குழாய்க்குள் புதுக் கண்டென்சரை வைத்து மூடினான்.

தாயத்தைப் பிரித்துத் தூரப் போட்டிருக்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? காகிதம், தகடு, மெழுகு. அவன் கண்ணுக்கு அது கண்டென்சர்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் மின்சாரம். பழைய பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுக்கமாட்டான். நடுவில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டுவான். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரியும். இல்லையென்றால் ஒரு நொடி எரிந்து மங்கிவிடும். மங்கியது. வால்வுகள் சிவந்தன. சூடான தூசி வாடை. டயலுக்கு மேலே இருக்கும் பச்சைக் கண் மெல்லத் திறந்தது. ஸ்டேஷன் கிடைத்தால் அந்தப் பச்சை குவிந்து மூடும், அதுதான் அதன் வேலை. எந்த ஸ்டேஷனும் இல்லாமலே அது மூடிக்கொண்டது.

ஸ்பீக்கரில் பாட்டு இல்லை. முணுமுணுப்பு. ஒரு பிள்ளை தனக்குத்தானே எதையோ ஒப்பிக்கிற மாதிரி... நிறுத்தும். மூச்சு விடும். மறுபடி ஒப்பிக்கும். முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினான். எல்லா இடத்திலும் அதே குரல், அதே வேகம்.

திரும்பினால் அனகா நிற்கிறாள். எப்போது மாடிப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. நேராக வந்து ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் துணியில் காதை வைத்துக்கொண்டாள். சத்தம் நிறையக் கேட்கட்டும் என்று பயிற்சி டீச்சரும் சொல்லியிருக்கிறார் அல்லவா? சந்தோஷ் அவளைக் கிளப்பவில்லை. தானும் காபி குடிக்க மேலே போய்விட்டான். கால் மணி நேரம்தான்...

சனிக்கிழமை காலை. மீனா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தண்ணி."

கரண்டி கீழே விழுந்தது. மீனா அப்படியே தரையில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷ் அழுத அழுகையைத் தெருவே கேட்டது. அருண்ராஜுக்குப் போன் போட்டு, பேச முடியாமல் வைத்துவிட்டு, மறுபடி போட்டான். மதியத்துக்குள் அம்மா, அப்பா. ராத்திரிக்குள் முழு வாக்கியம். பக்கத்து வீட்டுக்கெல்லாம் மைசூர்பாகு போனது.

ரேடியோவும் சரியாகிவிட்டது. முணுமுணுப்பு போய், ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகப் பாட்டு வந்தது. ஒரே ஒரு குறை, பாட்டுக்கு அடியில் மெல்லிசாக ஒரு விம்மல். பழைய பெட்டிகளில் அப்படி ஊளைச் சத்தம் வருவதுண்டு. சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, காயில் என்கிற கம்பிச்சுருளைத் திருகித் திருகி, ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, அந்த விம்மலை இல்லாமல் செய்தான்.

அன்று பொழுது சாயும்போது அனகா கேட்டாள்: "மாட்டைக் கட்டியாச்சா?"

மண்டி மொஹல்லாவில் ஏது மாடு? சந்தோஷ் மீனாவைப் பார்த்தான்.

"யூட்யூப்ல பாத்திருப்பா. சும்மா எதையாவது நெனச்சுக்காதீங்க" என்றாள் மீனா.

ஆனால் அன்றிரவு அவளுக்கும் தூக்கம் வரவில்லை. அனகா எப்போதும் அப்பாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அன்று தள்ளிப் படுத்தாள். கையைக் காலை நீட்டி, விறைப்பாக. கண்ணை மூடினாளா என்று மீனாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் லிங்கப்பனிடமிருந்து போன். பேசியது அவர் இல்லை.

"நான் மாதம்மா பேசறேன். தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள மெழுகு அடச்ச குழா ஒண்ணு இருந்துச்சே... தொட்டீங்களா?"

தொட்டதைச் சந்தோஷ் ஒப்புக்கொண்டான். செம்புத் தகட்டைச் சொன்னான்.

பிறகு அந்த அம்மா கேட்டார்: "உங்க ஊட்டுல பேச்சு வராத புள்ள ஏதாச்சும் இருக்குதா, சாமி?"

இங்கேதான் அவன் தப்பு செய்தான். நாலு வருஷம் ஊரெல்லாம் கேட்ட கேள்வி அது. தலை குனிந்து குனிந்து பதில் சொன்ன கேள்வி. இப்போது நிமிர்ந்து பதில் சொல்ல வாய்ப்பு வந்திருக்கிறது, விடுவானா?

"இல்லீங்க. எம் பொண்ணு ரொம்ப நல்லாப் பேசுவா."

"அப்பச் சரி. பொழச்சோம். அந்தத் தகட்டை அதே குழாயில வெச்சு அடச்சு, பொழுது எறங்கறதுக்குள்ள கொண்டாந்துருங்க. அது யாரு எவருன்னு என்னைக் கேக்காதீங்க."

கவரைக் கொட்டினான். சுருள்களுக்கு நடுவே செம்பு ஒன்றுதான். பன்னிரண்டாவது குழாயின் மெழுகை இளக்கிப் புதுசை உருவிவிட்டு, தகட்டைச் சுருட்டி உள்ளே தள்ளினான். மெழுகுவத்தியைச் சாய்த்தான். சொட்டு... சொட்டு... வாசலில் அனகா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அடைங்கப்பா" என்றாள்.

எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று பூரித்துப்போனான். தங்கமே என்று சொல்லி, இன்னும் இரண்டு சொட்டு விட்டான்.

அப்படித்தான் அந்தக் காட்டுச் சாலை, அந்தப் பச்சை வெளிச்சம். பின் இருக்கையில் சத்தமும் கேட்டது. உள்ளேயிருந்து மரப்பெட்டியைச் சின்னதாக... தட்டுகிற மாதிரி. தட்டு. கொஞ்சம் நிதானம். மறுபடி தட்டு. காரை நிறுத்தவில்லை. எஃப்எம்மைச் சத்தமாக வைத்தான். உள்ளே போன பேய் முட்டிக்கொள்கிறது, முட்டட்டும் என்று நினைத்தான். மகள் பிழைத்தாள், நாமும் பிழைத்தோம். அவ்வளவுதான் அவன் மனதில்.

மார்டள்ளியில் மாதம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தார். வெளுத்த தலை, ஒடிசலான உடம்பு. பெட்டியை வாங்கி உள்ளறையில் வைத்து, ஸ்பீக்கர் துணியில் காதைப் பதித்துக் கேட்டார். லிங்கப்பன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ளதான் இருக்குது" என்றார் மாதம்மா. சொல்லிவிட்டும் காதை எடுக்கவில்லை. முகம் மாறியது. "ஆனா... அழுவுது. நாப்பது வருசமாக் கேக்கறேன், மொணமொணன்னு பேசும். ஒருநாளும் அழுததில்ல."

சந்தோஷின் போன் அடித்தது. மீனாவின் எண், வீடியோ கால். எடுத்தால் திரையில் அனகா. தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"போய்ச் சேந்துட்டீங்களா அப்பா?"

அந்தக் குரலைக் கேட்டதும் மாதம்மா ரேடியோவிலிருந்து காதை எடுத்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை அசைத்தார், இல்லை இல்லை என்று. அந்தக் குரலை அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு விளக்கம் சந்தோஷுக்குத் தேவைப்படவில்லை. போனை அப்படியே பிடித்துக்கொண்டு ரேடியோவின் முன் மண்டியிட்டான். துணியில் காதை வைத்தான்.

முதலில் விம்மல். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவன் இல்லாமல் செய்த அதே விம்மல். பிறகு மூச்சை இழுக்கிற சத்தம். பிறகு, இதற்கு முன் ஒரு சொல்லும் பேசியிராத ஒரு சின்ன வாய், தடுமாறி, கூட்டிக் கூட்டி...

"அ... ப்பா."

ஸ்க்ரூ டிரைவர் எப்போது அவன் கைக்கு வந்தது என்று தெரியாது. மாதம்மா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

"தொறந்தா வெளிய வந்துரும் சாமி. வந்து எங்க போவும்? அதும் உடம்புலதான் ஏற்கெனவே ஆளு இருக்குதே."

சந்தோஷ் போனைப் பார்த்தான். கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அனகா கேமராவுக்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தாள். அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அவ பேசிட்டாளா?"