இடது பட்டையின் கிளிப்

எனக்கு டீ வேண்டாம், ஐயா. அடுத்தவர் போட்ட டீயை நான் குடிப்பதில்லை. பெண்டாட்டி இருந்தவரை அவளையே முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்வேன். கோபமெல்லாம் இல்லை, பழக்கம்.

பேர் ஆஞ்சப்பன். நாலாவது வரை படிப்பு. சூளகிரி தாண்டி இருக்கிற ஷெட்டில் ஒன்பது வருடமாக ஃபிட்டர். அங்கே இருப்பது எட்டுச் சக்கர வண்டி; தரையில் ஓடும், தண்ணீரில் மிதக்கும். சேற்றில் புதையாமல் இருக்க, பக்கத்துக்கு ஒன்றாக, நாலு டயரையும் சுற்றி ரப்பர் பட்டை மாட்டுவது என் வேலை. டயரில் காற்றைக் குறைத்து, பட்டையைத் தரையில் விரித்து, வண்டியை அதன்மேல் ஏற்றி, இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்து ஒரு கம்பி செருகவேண்டும். கம்பி நழுவாமல் இருக்க ஒரு கிளிப். திரும்பக் காற்றடித்தால் பட்டை இறுகிவிடும். கிளிப் சுண்டுவிரல் அளவுதான்.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டுவந்ததுதான். ஓட்டுகிறவன் ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிவந்து இரண்டு பக்கக் கிளிப்பையும் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். பார்க்கிறானா என்று தெரிந்துகொள்ள, சில நாள் ஒன்றை மாட்டாமல் பையில் போட்டுக்கொள்வேன். வண்டி ஓட்டுகிற கங்கப்பன் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டான்.

"யோவ் பெருசு, எங்கள சாவடிக்கப் பாக்குறியா?" என்று கத்தினான். அன்றைக்கு அவனுக்குப் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

கோபி தொட்டதே இல்லை. என் மகள் மாதேஸ்வரியின் புருஷன். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

"தொட்டுப் பாரு மாப்ள" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"நீங்க மாட்டுனத நான் வேற பாக்கணுமா மாமா? எங்கப்பன விட உங்கள நம்புறேன்" என்று சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிட்டே வருகிறவனை எப்படி நம்புவது?

வியாழக்கிழமை ஏரியில் சோதனை ஓட்டம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இடது பக்கக் கிளிப் என் சட்டைப்பையில் இருந்தது. கோபி சுற்றிவரவில்லை. ஏறி உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினான்.

ஒரு சுற்று நன்றாகவே மிதந்தது. கரை ஏறும்போது கம்பி உருவிக்கொண்டு இடது பட்டை கழன்றது. வலது பட்டை மட்டும் இழுத்ததில் வண்டி சரிவில் திரும்பிக் கவிழ்ந்தது. தண்ணீர் இடுப்பளவுதான். அவன் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்தி மூச்சு விட்டான். "மாமா" என்று கூப்பிட்டான்.

பத்தடி தூரம். நீச்சல்கூடத் தேவையில்லை. கடப்பாரை என் காலடியில் கிடந்தது.

என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதியதை இப்போது படித்துக் காட்டினீர்களே, அதில் "அதிர்ச்சியில் அசையாமல் நின்றுவிட்டேன்" என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடுங்கள். நான் அசைந்தேன். அவன் தண்ணீருக்கு மேலே கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன். பையிலிருந்து கிளிப்பை எடுத்து, வெயிலில் அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தேன். எதைப் பார்க்காமல் விட்டோம் என்று ஒருத்தனுக்குத் தெரியவேண்டாமா? பார்த்தான். அதற்கப்புறம், அந்தக் கை முழுகும்வரை, அவன் என்னைக் கூப்பிடவில்லை.

வெளியே மாதேஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், ஐயா. எல்லாம் அவன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். என் மகள் என்னை நம்புவாள்.