கடைசி எண்

பலருக்கு ஒரு பொருளை ஒழுங்காக மடித்து வைக்கத் தெரியாது. எனக்கு அது கைவந்த கலை. மாணவர்கள் அரட்டை அடிக்கும் இணையதளம் ஒன்றில் வேலை. ஒவ்வொரு செய்தியும் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்பதைச் சேமிக்கும் டேட்டாபேஸ் என் பொறுப்பு.

முகவரி என்பது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். எழுத்தாகவே வைத்தால் இடத்தை அடைக்கும். தேடினால் ஆமை வேகம். நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் கால்வாசி இடம் போதும், எதுவும் தொலையாது. அப்படித்தான் மாற்றினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு மாணவிக்கு ஆபாச மிரட்டல்கள் வந்தபடி இருந்தன. அவள் படிப்பையே விட்டுவிட்டாள். அனுப்பியவரின் முகவரியைப் போலீஸ் கேட்டது. தேடினேன். என் வீட்டு முகவரி. வீட்டில் என்னைத் தவிர மகள் மட்டுமே. அந்த மாணவியின் வகுப்புத் தோழி. நாளை அலுவலகத்தில் எப்படித் தலைகாட்டுவது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றே எல்லா முகவரிகளிலும் கடைசி எண்ணை வெட்டினேன். தெருப்பெயரை விட்டுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் அழிப்பது போல. பழைய பிரதிகளையும் துடைத்தேன். இடம் இன்னும் மிச்சமானது, தேடல் பறந்தது. பயனர்களின் அந்தரங்கத்துக்கும் நல்லது என்று மேலாளர் தட்டிக்கொடுத்தார்.

மிஞ்சிய மூன்று எண்களைத்தான் போலீஸிடம் கொடுத்தேன். அவற்றுக்குள் எங்கள் பகுதி வீடுகள் அத்தனையும் அடங்கின. அதில் ஒன்று டியூஷன் வாத்தியாருடையது. அந்த மாணவிக்குப் பாடம் எடுத்தவர், தனிக்கட்டை. இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

"இவரோட வீடு இதுக்குள்ள வருதா சார்?" என்று கேட்டார்.

"வருது."

பொய்யில்லை. என் வீடும் வருகிறதா என்று அவர் கேட்கவில்லை.

வாத்தியாரைக் கைது செய்த அன்று மகள் சாப்பாட்டைத் தொடவில்லை.

"நான்தான்னு போய்ச் சொல்லிடறேன்ப்பா. அவர் பாவம்."

வாசலை மறித்து நின்றுகொண்டு பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஆதாரமே கிடையாது, பைத்தியம் என்பார்கள், பேசாமல் இரு. அழுது ஓய்ந்தாள்.

ஜாமீனில் வந்தவரிடம் பிள்ளைகள் யாரும் படிக்க வரவில்லை. பாடம் நடத்திய அறையிலேயே தூக்கில் தொங்கினார். அந்த வீட்டைத் தாண்ட முடியாமல் நான் சுற்றுவழியில்தான் வேலைக்குப் போகிறேன். மகள் என்னோடு பேச்சை நிறுத்தினாள். பிறகு வீட்டை விட்டே போய்விட்டாள்.

இப்போது உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னது அவள்தான் என்கிறீர்கள். இருக்கட்டும். எழுதிக்கொள்ளுங்கள்: அந்த எண்ணை அழித்தது நான். வாத்தியாரைக் கொன்றதும் நான்தான். அப்படியே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அவள் படிக்கட்டும்: அத்தனையும் அவளுக்காகத்தான் செய்தேன்.