முருகன் குடித்த பால்

கல்லூரியில் படித்தபோது ஒரு காவடிக்காரரின் பாலை நான் திருடிக் குடித்தேன். பண்பொழி மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகும் ஆட்டக்காரர்கள் எங்கள் அச்சன்புதூர்ப் பந்தலில் காவடிகளைச் சார்த்திவிட்டு இளைப்பாறுவார்கள். ஒரு காவடியில் தொங்கிய பால் செம்பின் வாயில் கட்டியிருந்த துணிக்கடியில் பப்பாளித் தண்டை நுழைத்து உறிஞ்சினேன். விளையாட்டாகத்தான் செய்தேன்.

போன மாதம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், முன்னிருக்கையில் ஒரு வயதான தம்பதி பேசிக்கொண்டு வந்தார்கள்.

“என் காவடிப் பால முருகனே குடிச்சான். மறந்துட்டியா?”

“ஆடுன ஆட்டத்துல சிந்திருக்கும்.”

“சிந்துனா துணி நனையாதா? அச்சன்புதூர் வரைக்கும் தளும்புச்சு. மலையில போயி கட்ட அவுத்தா சொட்டு இல்ல.”

“அதுக்கு இந்த முட்டோட ஆடணுமா? டாக்டர் படியே ஏறக் கூடாதுங்காரு.”

“கை தொடாம தோள்லயே காவடியச் சுத்துவேன். நீ மாடியில நின்னு பாப்பியே.”

“நான் மேளக்காரனல்லா பாத்தேன்.”

“இடும்பன் ரெண்டு மலையத் தூக்குனான். எனக்கு ஒரு காவடிதான. குடிச்சவனுக்கு ஆடாம இருக்க முடியுமா?”

“அவன் மயில்ல போயிருவான். நீரு நொண்டிக்கிட்டு வருவீரு.”

குற்றாலத்தில் இறங்கியதும் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். ஆட வேண்டாம் என்றேன்.

அவர் சிரித்தார். “நாந்தான் குடிச்சேன்னு ஒங்க ஊருல எத்தனையோ பேரு சொல்லிட்டாவ, அண்ணாச்சி. ஆளாளுக்குப் பங்கு கேட்டா எப்படி? தைப்பூசத்துக்கு வாங்க, ஆடுதேன்.”

என்னை நம்பியவர் அவர் மனைவி மட்டும்தான்.

“இத இத்தன வருசம் கழிச்சா வந்து சொல்லுதிய?” என்று கேட்டுவிட்டு, அவருக்குத் தோள் கொடுத்து நடந்தார்.